வெள்ளிக்கோல் வரையன்

இட்லிக்கு நன்றி, மேடம். விடியற்காலையில் எழுந்து பழகியவளுக்கு இந்த நேரத்தில் பசி வந்துவிடும். சட்னியில் உப்பு ஒரு சிட்டிகை கூடுதல்தான். மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதையும் எழுதிக்கொண்டால் நல்லது. வாசலில் இருந்த ஏட்டு, "யுவராணி மேட்டரா? அதான் பாம்புக்கடின்னு முடிச்சாச்சே டீச்சர், இன்னும் இன்னா?" என்று கேட்டார். முடித்ததில் ஒரு பிழை இருக்கிறது என்றேன். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கண்ணில் பட்ட பிழையைத் திருத்தாமல் விட மனம் வராது.

முதலில் குருவிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

பனிக்காலத்தில் நம் உப்பளங்களைச் சுற்றியிருக்கும் சீமைக்கருவேலம் புதர்களில் வடக்கிலிருந்து சின்னச் சின்னக் குருவிகள் வந்து தங்கும். பால் தூக்கலாக ஊற்றிய டீயின் நிறம். தமிழில் கதிர்க்குருவி என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். அதில் பூட்டட் வார்ப்ளர், சைக்ஸ் வார்ப்ளர் என்று இரண்டு. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பூட்டடுக்கு அலகு குட்டை. கீழ் அலகின் நுனியில் மை தொட்டதுபோல ஒரு கறுப்பு. அடிக்கடி தரைக்கு இறங்கி இரை தேடும். சைக்ஸுக்கு அலகு நீளம், நுனி வரைக்கும் வெளுப்பு. வாலும் சற்று நீளம். புதரின் நடுவிலேயே இருக்கும், தரையை அவ்வளவாக நாடாது. பூட்டட் எங்கள் பக்கம் வருஷா வருஷம் வருவது. சைக்ஸைப் பார்த்தேன் என்று தைரியமாகச் சொன்னவர்கள் பறவை பார்க்கும் எங்கள் வட்டத்தில் அப்போது யாரும் இல்லை.

யுவராணிதான் பைனாகுலரை முதலில் என் கையில் கொடுத்தாள். இதை மறைக்கப் போவதில்லை. வானூர் தாலுகா ஆபீஸில் அவளுக்கு வேலை. அனுமந்தை பக்கத்தில் கடற்கரைக் குப்பத்தில் வீடு. கணவன் சரவணகுமார் படகு இன்ஜின் மெக்கானிக். எனக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது, என் வீட்டுக்காரர் மார்ட்டின் இறந்த சமயம். கவுன்டரில் அழுதுகொண்டு நின்றவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலியார்சாவடிக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "வீட்டுக்குள்ளயே குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும்க்கா. வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டறேன்" என்று உப்பளத்துக்குக் கூட்டிப்போனாள். அன்றைக்கு ஆயிரக்கணக்கில் உள்ளான் பறவைகள் எழுந்து ஒரே துணியை உதறியதுபோலத் திரும்பின. மார்ட்டின் போன பிறகு நான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஆனால் கண் எனக்குத்தான் வாய்த்தது. அவளே சொல்வாள். "அக்கா கண்ணு கேமரா மாதிரி. நாங்கல்லாம் புக்கைப் பொரட்டறதுக்குள்ள அவங்க பேர் சொல்லிடுவாங்க." பறவை பார்க்க வருகிறவர்கள் எல்லாரிடமும் இப்படித்தான் என்னை அறிமுகம் செய்வாள். நாற்பது வயதுக்கு மேல் ஒருத்திக்கு இப்படி ஒரு பெயர் கிடைப்பது சின்ன விஷயமில்லை, மேடம். அதற்கு முன் நான் மார்ட்டின் பெண்டாட்டி, ஆஷ்லின் அம்மா. அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜனவரியில் ஒரு காலை. உப்பள வரப்பை ஒட்டிய புதரில் ஒரு கதிர்க்குருவி. யுவராணி கேமராவைத் தூக்கிக்கொண்டே, "பூட்டடா, சைக்ஸாக்கா?" என்று கேட்டாள். நான் "சைக்ஸ்" என்றேன். அவள் அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய படங்களில் பக்கவாட்டில் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான் வெளியிட்டேன். பறவை ஆராய்ச்சியில் பெரிய ஆட்கள் ஏற்றுக்கொண்டார்கள். பேப்பரில் வந்தது. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் காலை வணக்கத்தில் அறிவித்தார். பாண்டிச்சேரியில் பேசக் கூப்பிட்டார்கள். சைக்ஸ் டீச்சர் என்றே ஆகிவிட்டேன்.

போன டிசம்பரில் பாண்டிச்சேரியில் பறவை பார்ப்பவர்களின் வருடாந்திரக் கூட்டம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யுவராணி மேடையேறினாள். புதருக்குள் ஒளிந்து திரியும் குருவிகளைப் பற்றித்தான் பேசினாள். முடிக்கிற சமயத்தில் திரையில் ஒரு படம் வந்தது. என் குருவி. ஆனால் நான் வெளியிட்ட படமில்லை. அதே காலை, அதே கிளை, தலையைச் சற்றுத் திருப்பியிருந்தது. கீழ் அலகு பெரிதாகத் தெரிந்தது.

"பழைய மெமரி கார்டுல இது கெடைச்சுது. இதைப் பார்த்தா பூட்டட்னுதான் தெரியுது. அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் அவசரப்பட்டுத் தப்பு பண்ணிட்டோம். திருத்திக்கறோம்."

நாங்கள் என்றாள். கவனியுங்கள், தன்னையும் சேர்த்துக்கொண்டாள். அது பெருந்தன்மை என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். கத்தியால் குத்தும்போது கூடவே நின்று கையைப் பிடித்துக்கொள்வதும் பெருந்தன்மையாக இருக்கலாம். பின்வரிசையில் யாரோ, "டீச்சருக்குக் கண்ணாடி மாத்தணும் போல" என்றார்கள். ஹாலில் சிரிப்பு. யுவராணியும் புன்னகைத்தாள். சங்கடத்தில் வந்த புன்னகை என்பார்கள். எனக்குப் புன்னகைதான் தெரிந்தது.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம், இல்லையா?

சொன்னாள் என்பதும் உண்மைதான். கூட்டத்துக்கு முந்தின வாரம் சங்கரா மீன் வறுத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். போனில் அந்தப் படத்தைக் காட்டி, "அக்கா, நீங்களே மேடையில சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா அழகா இருக்கும்" என்றாள். அலகில் சேறு ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு மீனைத் தட்டில் எடுத்துவைத்தேன். அதற்குப் பிறகும் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. நான் எடுக்கவில்லை என்றால் என் மனசு என்ன என்று அவளுக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்குள் சொல்வதும் ஊரைக் கூட்டிச் சொல்வதும் ஒன்றாகிவிடுமா?

ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். பொங்கல் கழிந்து அவளே வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"என்னைத் திட்டுங்கக்கா. பேசாம மட்டும் இருக்காதீங்க. ஞாயித்துக்கெழமை வாங்க, அதே எடத்துக்குப் போலாம். ரெண்டு பேரும் மறுபடியும் பொறுமையாப் பாப்போம். சைக்ஸ் இருந்தா நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

சரி என்றேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு குருவியைப் பார்க்கத்தான் போனேன்.

அந்த ஞாயிறு முதல் பூசையை விட்டுவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். வழியில் அவளை ஏற்றிக்கொண்டேன். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. போன பருவத்தில் உப்புக் குவியல்களை மூடியிருந்த பழைய கீற்றுகளை வரப்போரம் அடுக்கிவைத்திருந்தார்கள். குருவி வரும் புதர் அங்கிருந்து நன்றாகத் தெரியும். யுவராணி கீற்றுக் குவியல் மேல் உட்கார்ந்து, கையைப் பின்னால் ஊன்றினாள். "ச்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏதோ முள்ளு குத்திச்சிக்கா."

முள் இல்லை. கீற்றுக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கி, வரப்பைத் தாண்டி உமரிச் செடிகளுக்குள் போனது. முழுதாகப் பார்த்தேன்.

நம் பக்கத்தில் இதிலும் ஒரே ஜாடையில் இரண்டு உண்டு, மேடம். வெள்ளிக்கோல் வரையன் என்று ஒரு சின்னப் பாம்பு. விஷம் கிடையாது. கழுத்திலேயே வெள்ளைப் பட்டைகள் தொடங்கும், வாலுக்குப் போகப் போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு. கழுத்துப் பக்கம் வெறும் கறுப்பு. பட்டைகள் கீழேதான் தொடங்கி வால் வரை பளிச்சென்று போகும். அது கடித்தால் பெரிய வலி இருக்காது, வீங்காது. அதனால்தான் மனிதர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

யுவராணி கையைப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே ஊசி குத்தியதுபோல இரண்டு புள்ளி. முகம் வெளுத்துவிட்டது.

"பாம்பாக்கா? என்னா பாம்பு அது?"

அவள் கேட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பழையபடி கேட்டாள். சந்தேகமில்லாமல், நான் சொல்வதுதான் பதில் என்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். டிசம்பருக்கு முன்னால் அப்படித்தான் கேட்பாள்.

"வெள்ளிக்கோல் வரையன்" என்றேன். "ஒண்ணும் ஆகாது. தண்ணி ஊத்திக் கழுவு."

"நிச்சயமாவாக்கா?"

"மறுபடியும் சந்தேகமா?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "அய்யோ, இல்லக்கா. நீங்க சொன்னா சரிதான்" என்று சிரித்தாள். புட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்து அழுத்தினாள். சமாதானம் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அப்போது திருத்தியிருக்கலாம். மரக்காணத்தில் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. எனக்குத் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாம்புக்கடி முதலுதவி பற்றி அங்கேயே பாடம் கேட்டிருக்கிறோம். ஆனால் சொன்னதை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். "தப்பாச் சொல்லிட்டேன், அது கட்டுவிரியன்" என்று அவளிடமே சொல்ல வேண்டும். அவள் மன்னிப்பாள். அதுவும் நடந்திருக்கும்.

ஆகவே குருவிக்காகக் காத்திருந்தோம். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். வயிற்றைப் பிசைகிறது என்றாள். வெறும் வயிறு, அப்படித்தான் இருக்கும் என்றேன். வெயில் ஏறிய பிறகு புதரிலிருந்து ஒரு கதிர்க்குருவி வெளியே வந்தது. கீழே இறங்கி உப்பு படிந்த மண்ணில் தத்தித் தத்திப் போனது. யுவராணி பைனாகுலரை எடுத்தாள். இறக்கினாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

"அக்கா, ரெண்டு குருவியா இருக்குது?"

"ஒண்ணுதான்."

"எனக்கு ரெண்டாத் தெரியுது. கண்ணைத் தொறக்கவே முடியல. ராத்திரி சரியாத் தூங்கல, அதனாலயா? எதுக்கா அது? பூட்டடா?"

"சைக்ஸ்."

பைனாகுலரை மடியில் வைத்தாள். பிறகு, "அப்ப நான்தான் தப்பு. உங்களைப் போயி எல்லார் முன்னாடியும்..." என்றாள். நாக்கு குழறியது. "எனக்கு எழுத்து தெரியலக்கா. போனைப் புடிங்க, குரூப்ல நானே பேசிடறேன்."

போனை அவள் வாய்க்கருகில் பிடித்துக்கொண்டேன். "ஜெனிதா அக்கா சொன்னதுதான் சரி. சைக்ஸ்தான். நான் தப்பாச் சொல்லிட்டேன். எல்லாரும் மன்னிச்சிடுங்க." குடித்தவள் பேசுவதுபோல இருந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் யாரோ சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் என் நெஞ்சில் ஒரு மாதமாக இருந்த பாரம் இறங்கியது. உண்மையைச் சொல்கிறேன். அவள்மேல் எனக்குப் பழைய பிரியம் அப்படியே திரும்பிவிட்டது.

அந்தப் பிரியத்தோடுதான் அவளை வண்டியில் ஏற்றினேன். உட்கார முடியாமல் சாய்ந்தாள். என் துப்பட்டாவால் அவளை என்னோடு சேர்த்துக் கட்டினேன். வடக்கே திரும்பினால் ஆஸ்பத்திரி. தெற்கே திரும்பினேன். அவள் வீட்டுக்குப் போகும் வழியையும் தாண்டினேன். வழியெல்லாம் அவள் தலை என் முதுகில் இருந்தது. "அக்கா, மூச்சு..." என்று ஒரு தடவை சொன்னாள். வெயில் என்றேன்.

என் வீட்டில் மார்ட்டின் படுத்திருந்த கட்டிலில் படுக்கவைத்தேன். ஃபேன் போட்டேன். வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்தேன். கண் இமைகள் மூடிவிட்டன, ஆனால் நினைவு இருந்தது. கட்டுவிரியன் விஷம் அப்படித்தான். உடம்பு அசையாது, காது கேட்கும். அதனால் பேசிக்கொண்டிருந்தேன். சைக்ஸைப் பற்றி, உள்ளான் கூட்டம் எழுந்த அந்த முதல் நாளைப் பற்றி. விரலால் என் விரலை அழுத்தினாள். பிறகு அதுவும் நின்றது. நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்த பிறகுதான் சரவணகுமாருக்குப் போன் செய்தேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்ததுமே கட்டுவிரியன் என்றார். முன்பே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் சொன்னார். நான் வெள்ளிக்கோல் வரையன் என்று நினைத்ததாகச் சொன்னேன்.

இவ்வளவோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

அடக்கத்துக்கு மறுநாள் சரவணகுமார் என் வீட்டுக்கு வந்தான். திட்டுவான், அடிப்பான் என்றுகூட எதிர்பார்த்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க. பாவம், தெரியாம சொல்லிட்டீங்க. அதையே நெனச்சிக்கினு இருக்காதீங்க. அவ உங்களைத் தப்பா நெனைக்க மாட்டா."

தெரியாமல் சொல்லிவிட்டேனாம்.

பிறகு அது எல்லா இடத்திலும் வந்தது. இரங்கல் கூட்டத்தில், பள்ளிக்கூடத்தில், கடைசியில் நீங்கள் எழுதிய அறிக்கையிலும். உடன் சென்ற ஆசிரியை பாம்பின் வகை தெரியாமல் சாதாரணப் பாம்பு என்று கருதியதால் தாமதம் ஏற்பட்டது. நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் குரூப்பில் ஒரு பயிற்சி அறிவித்தார்கள். அனுபவசாலிகளும் ஏமாறும் இடங்கள் என்று தலைப்பு. ஒரு பக்கம் இரண்டு குருவி, ஒரு பக்கம் இரண்டு பாம்பு. என் பெயரைப் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

ஆஷ்லின் பெங்களூரிலிருந்து போன் செய்து, "போலீஸே விட்டுட்டாங்க, நீ ஏம்மா திரும்பத் திரும்ப அதையே பேசறே? வயசானா கண்ணு அப்படித்தான்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நான் என்ன தண்டனைக்கும் தயார், மேடம். சரவணகுமாரிடமும் நானே சொல்லிவிடுகிறேன், அவனுக்கு அந்த மரியாதை உண்டு. ஆனால் அறிக்கையில் அந்த வரியை அடித்துவிட வேண்டும். வரப்பைத் தாண்டிப் போனது கட்டுவிரியன். கழுத்தில் பட்டை இல்லை, வால் வரை வெள்ளை பளிச்சென்று இருந்தது. அது உமரிக்குள் மறைவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

குருவியும் அப்படித்தான். அன்று காலை தரையில் தத்தியது பூட்டட். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளையில் இருந்ததும் பூட்டட்தான். கீழ் அலகின் கறுப்பை யுவராணி கேமராவைத் தூக்குவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். அவள் அவ்வளவு ஆசையாக என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள், சைக்ஸ் என்றேன். அதைப் போய்த் தப்பு என்று மேடையேறிச் சொன்னாளே, அந்தத் துரோகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நன்றாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். என் கண் ஒருபோதும் தப்பு செய்ததில்லை. பார்த்ததெல்லாம் சரியாகத்தான் பார்த்தேன். சொன்னது மட்டும்தான் வேறு.